பயணிகள் மட்டும் இறங்கும் ஆறு

புளியங்கரையின் வறுமையை ஒழிக்க அரசாங்கம் வந்து சேர்ந்தபோது விவசாயி செம்மலை செவலாற்று மணலில் வெள்ளரிக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் வந்த ஜீப், கரையிலிருந்து இறங்கிய வேகத்தில் மணலில் புதைந்துவிட்டது. செம்மலையும் அவர் மனைவி அம்மாக்கண்ணுவும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்த் தள்ளினார்கள். வண்டி மேடேறியதும் உள்ளே உட்கார்ந்திருந்தவர் இறங்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இந்த ஊரில் ஏழைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

செம்மலை சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரத் தேடுறீகன்னு பேரு சொன்னீகன்னா கூட்டியாரேன்யா" என்றார்.

வந்தவர் பெயர் மாயக்கண்ணன். 1974 தை மாதம் அது. ஆற்றுவழிச் சுற்றுலா மூலம் வறுமை ஒழிக்கும் தனி அலுவலகம் என்று ஒன்றை அப்போதுதான் காரைக்குடியில் திறந்திருந்தார்கள். அதற்கு மாயக்கண்ணன்தான் தனி அதிகாரி. அலுவலகத்துக்கென்று ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பாதி அறைகளின் சாவி வீட்டுக்காரரோடு மலேயாவுக்குப் போய்விட்டதால், ஊழியர்கள் எல்லோரும் முற்றத்தைச் சுற்றி மேசை போட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வறுமையை ஒழித்து வந்தார்கள்.

மறுநாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மாயக்கண்ணன் மேடையில் பேசுவதைப் போலவே வீட்டிலும் பேசுவார் என்று அவருடைய டிரைவர் சொன்னார். மேடையில் எப்படிப் பேசுவார் என்பதை ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்களிடம் என்ன இல்லை? ஆறு இருக்கிறது. மணல் இருக்கிறது. வெயில் இருக்கிறது. இந்த வெயிலுக்காக வெள்ளைக்காரன் கப்பலேறி வருகிறான். நீங்களோ அதை இலவசமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஏழைகளாக இருக்கிறீர்கள்!"

கூட்டத்தில் சிலர் குற்றம் செய்தவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்கள் திட்டம் நீடித்து நிற்கும் திட்டம். நீடித்து நிற்பது என்றால் என்ன? எதுவும் மாறக் கூடாது. ஆறு இப்படியே இருக்க வேண்டும். உங்கள் குடிசை இப்படியே இருக்க வேண்டும். உங்கள் மாட்டு வண்டி இப்படியே இருக்க வேண்டும். வறுமை மட்டும்தான் போக வேண்டும்."

அம்மாக்கண்ணு எழுந்தாள். "அய்யா, எங்களுக்குக் குடிதண்ணிதான் கஷ்டம். ஆத்துல ஊத்துத் தோண்டித்தான் எடுக்குறோம். ஊருக்கு ஒரு நல்ல கெணறு வெட்டித் தந்தீகன்னா புண்ணியமாப் போகும்."

மாயக்கண்ணன் கனிவாகச் சிரித்தார். "அம்மா, நீரில் இரண்டு வகை. பார்க்கும் நீர், குடிக்கும் நீர். இந்த அலுவலகத்தின் பொறுப்பு பார்க்கும் நீர். குடிக்கும் நீருக்கு வேறு துறை இருக்கிறது."

"எங்க ஆத்துல பாக்குறதுக்கும் தண்ணி இல்லையேய்யா" என்றாள் அம்மாக்கண்ணு.

"மணல் இருக்கிறதல்லவா? அதன் கீழே தண்ணீர் இருக்கிறதல்லவா? பயணிகள் கற்பனை செய்துகொள்வார்கள்" என்று சொல்லி மாயக்கண்ணன் மாலையை வாங்கிக்கொண்டார்.

திட்டத்தில் இருந்தவற்றில் வேலி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. மாசி பிறந்ததும் ஊருக்கு எதிரே இருந்த மணல் முழுவதையும் வளைத்து மரக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். கரையில் ஒரு கேட்டு. கேட்டில் ஒரு பலகை: 'செவலாற்று எழில் வளாகம். சுற்றுலாப் பயணிகள் தவிர மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது. குழி தோண்டக் கூடாது.'

செம்மலையின் வெள்ளரி அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. கான்டிராக்டரின் ஆட்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழிகளை மூடி, பலகை போட்டு மணலை மட்டம் செய்தார்கள். பெண்கள் தோண்டி வைத்திருந்த ஊற்றுகளும் மூடப்பட்டன. குழிகள் மணலின் முகத்தில் அம்மைத் தழும்பு போல் இருப்பதாக மாயக்கண்ணன் சொன்னார்.

ஆறு நீளமானதுதான். ஆனால் மேற்கே போனால் அடுத்த ஊர்க்காரர்களின் ஊற்றுகள். கிழக்கே சுடுகாடு. எனவே புளியங்கரைப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு, வெயிலில் செம்மண் காட்டைக் கடந்து, அடுத்த ஊர் ஊருணிக்குப் போனார்கள். அங்கே தண்ணீரை விட ஏச்சுத்தான் அதிகம் கிடைத்தது.

"அரசாங்கம் ஏதோ நல்லதுக்குத்தான செய்யுது. செத்தப் பொறுத்துப் பாப்போம் புள்ள" என்றார் செம்மலை.

"நாம பொறுப்போம். வெள்ளரி பொறுக்குமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

பயிர் போனதற்கு ஈடாக செம்மலைக்கு உத்தியோகம் கிடைத்தது. அவர்தான் வளாகத்தின் வழிகாட்டி. நீல நிறத்தில் ஒரு தொப்பி கொடுத்தார்கள். சம்பளம், பயணிகள் வரத் தொடங்கியதும் கொடுக்கப்படும். 'வெல்கம். திஸ் ஈஸ் ரிவர். வெரி ஓல்டு ரிவர்' என்று மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது சொல்லிப் பழகினார். அம்மாக்கண்ணுவின் தம்பி கருத்தையாவுக்குக் கேட்டில் காவல் வேலை. அவனுக்கு ஒரு விசில்.

ஒருநாள் மாயக்கண்ணன் செம்மலையைக் கூப்பிட்டு, "அருவி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார்.

"எந்த அருவிய்யா?"

"இந்த ஆற்றின் அருவி. திட்டத்தில் இருக்கிறது."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. திட்டத்தை முதலில் மலைப்பக்கத்து ஆறு ஒன்றுக்காகத் தயாரித்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஏதோ காரணத்தால் வறுமையை விட்டுக்கொடுக்க மறுத்துவிடவே, ஆற்றின் பெயரை மட்டும் அடித்துவிட்டுச் செவலாறு என்று எழுதியிருக்கிறார்கள்.

"இங்க மேடே கெடையாதேய்யா. எங்கிட்டு இருந்து விழும்?"

"திட்டத்தில் இருப்பது நிலத்தில் இல்லாமல் போகாது. தேடிப் பார்" என்றார் மாயக்கண்ணன்.

செம்மலை உண்மையாகவே தேடினார். சோற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு மேற்கே நடந்தார். வழியில் பார்த்தவர்களிடம், "இங்கிட்டு எங்குட்டாச்சும் அருவி இருக்கா?" என்று கேட்டார். வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்து ஒருவர் அவருக்கு மோர் கொடுத்தார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தவர், மறுநாள் அதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அருவின்னு எதுவும் இல்லய்யா. கண்மாய் பெருகுனா கலுங்குல தண்ணி வழிஞ்சு விழுகும். இடுப்பு ஒசரந்தான் இருக்கும். அதுவும் நல்ல மழை பேஞ்சாத்தான்."

"பருவகால அருவி!" என்று மாயக்கண்ணன் எழுந்து நின்றார். அன்று சாயங்காலமே கண்மாய்க் கலுங்கில், 'ஆழம் அதிகம். குளிப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று பலகை வைத்தார்கள். கண்மாய் அப்போது வெடித்துக் கிடந்தது.

பங்குனியில் பயணிகள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்கக் கிளம்பி, டிரைவர் வழி மாறி இங்கே கொண்டுவந்துவிட்டான். செம்மலை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். "வெல்கம். திஸ் ஈஸ் ரிவர். வெரி ஓல்டு ரிவர்."

அந்த அம்மாள் முகம் சிவந்து, கையை வாயருகில் கொண்டுபோய்க் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. கருத்தையா தன் கூஜாவைக் கவிழ்த்துக் காட்டினான். அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பெண்கள் ஊருணியிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. அன்று தண்ணீருக்குப் போகும் முறை இல்லாததால் வீட்டில் இருந்த அம்மாக்கண்ணு வெளியே வந்து பார்த்தாள். அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவதைக் கண்டதும் தம்பியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

"அக்கா, குழி தோண்டக் கூடாதுக்கா. என் வேலை போயிரும்."

"உசுரு போச்சுன்னா?"

மணலில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் ஊறியது. கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்ததைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுத்தாள். அந்த அம்மாள் குடித்துவிட்டு அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அவள் கணவர் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது அந்தப் படத்தின் பிரதியை அலுவலகத்துக்கு அனுப்புவதாக டிரைவர் மூலம் சொல்லி, சொன்னபடியே அனுப்பியும் விட்டார்.

முதலில் அம்மாக்கண்ணுவுக்கு எச்சரிக்கை வந்தது: வளாகத்தில் அத்துமீறிக் குழி தோண்டியதற்காக. படம் வந்து சேர்ந்த பிறகு பாராட்டு வந்தது. அதன் பிறகு மாயக்கண்ணன் நேரில் வந்து புதிய ஏற்பாட்டை விளக்கினார்.

"தினமும் மாலையில் ஊற்றுத் தோண்டும் காட்சி நடைபெறும். கருத்தையா விசில் ஊதியதும் பெண்கள் குடத்துடன் வந்து வரிசையாக உட்கார்ந்து தோண்ட வேண்டும். முகத்தில் களைப்புத் தெரிய வேண்டும், ஆனால் புன்னகையும் இருக்க வேண்டும். தண்ணீர் வந்ததும் குடத்தில் நிரப்பிப் பயணிகளுக்குக் காட்ட வேண்டும். பிறகு அதே குழியில் ஊற்றி மூடிவிட வேண்டும்."

"ஊத்திரணுமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஆம். வீட்டுக்கு எடுத்துச் சென்றால் இது குடிநீர்த் திட்டம் ஆகிவிடும். அந்தத் துறைக்காரர்கள் எங்கள் மேல் பாய்வார்கள்."

பெண்கள் முதலில் மறுத்தார்கள். ஆனால் அப்படியாவது ஆற்றுக்குள் காலை வைக்கலாமே, தோண்டும்போது குனிந்து இரண்டு கை அள்ளிக் குடிக்கலாமே என்று ஒப்புக்கொண்டார்கள். பங்குனி வெயிலில் தினமும் விசில் ஊதப்பட்டது. தினமும் தோண்டினார்கள். தினமும் நிரம்பிய குடத்தைத் திரும்ப மணலில் கவிழ்த்தார்கள். பார்ப்பதற்குப் பயணிகள் யாரும் வராததால் கருத்தையாவே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். முதல் நாள் கைகூடத் தட்டினான். அக்கா பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு தட்டவில்லை.

காட்சி முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைக்கத் தண்ணீர் இல்லாமல், அம்மாக்கண்ணு வெறும் குடத்தைத் தரையில் ஓங்கி வைப்பாள். செம்மலை தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

சித்திரையில் சென்னையிலிருந்து சுற்றுலாத் துறை இயக்குநர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. வளாகத்தில் எல்லாம் இருந்தது, பயணிகள் மட்டும் இல்லை. மாயக்கண்ணன் இரவோடு இரவாக யோசித்து ஊரை இரண்டாகப் பிரித்தார். பெண்கள் காட்சிக்கு. ஆண்கள் பயணிகள். செம்மலைக்கு ஜீப் டிரைவரின் கால்சட்டை மாட்டிவிடப்பட்டது. கறுப்புக் கண்ணாடியும், கழுத்தில் பிலிம் இல்லாத காமிராவும் வந்தன. நீலத் தொப்பி கருத்தையாவின் தலைக்குப் போனது.

இயக்குநர் நேராகச் செம்மலையிடம் வந்து கைகுலுக்கினார். "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?"

செம்மலைக்குப் பொய் வராது. "புளியங்கரைங்க" என்றார்.

மாயக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எங்கே இருக்கிறது?" என்றார் இயக்குநர். அவர் பார்த்த காகிதங்களில் எல்லாம் இந்த இடத்துக்குச் செவலாற்று எழில் வளாகம் என்றுதான் பெயர். புளியங்கரை என்று ஓர் ஊர் எங்கேயும் இல்லை.

"இங்கனதான்யா. பக்கந்தான்."

"பார்த்தீர்களா!" என்று இயக்குநர் எல்லோர் பக்கமும் திரும்பினார். "அக்கம்பக்கத்துக் கிராமத்தானே சுற்றுலாக் கிளம்பிவிட்டான். சுற்றுலாப் போகிறவன் எப்படி ஏழையாக இருக்க முடியும்? ஆகவே இப்பகுதியில் வறுமை ஒழிந்தது. இந்தப் புளியங்கரை மக்களை ஊக்குவிக்க வேண்டும். அவர்களுக்கு நுழைவு இலவசம்."

அப்போது பெண்கள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அதைப் பார்த்தார். "ஏன் வீணாக்குகிறீர்கள்? பயணிகள் நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லலாமே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் சொன்னதைக் கூட வந்திருந்த எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதியது உத்தரவாகிவிட்டது.

மறுநாள் விடியற்காலை அம்மாக்கண்ணு குடத்தோடு கேட்டில் நின்றாள்.

"என்னக்கா?"

"நான் சுத்துலா வந்துருக்கேன். கேட்டைத் தொற."

"எந்த ஊரு?" என்று கேட்க வேண்டியது கருத்தையாவின் கடமை. கேட்டான்.

"புளியங்கரை."

திறந்துவிட்டான். அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுற்றுலா வந்தார்கள். ஆளுக்கொரு குடம் நினைவுப் பொருள் எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் மறுபடியும் வந்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு ஊரில் அடுப்புகள் நேரத்துக்குப் புகைந்தன. செம்மலைகூட, "நான் சொன்னேன்ல புள்ள, பொறுத்தா நல்லது நடக்கும்னு" என்றார்.

ஒவ்வொரு வருகையையும் கருத்தையா பதிவு செய்தான். காரைக்குடி அலுவலகம் திகைத்தது. சென்னை மகிழ்ந்தது. வேறெந்த ஆற்றுக்கும் பயணிகள் தினம் இரண்டு முறை வரவில்லை. மாயக்கண்ணனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, "இந்த வெற்றி புளியங்கரைப் பயணிகளின் வெற்றி" என்று பேசினார்.

வெற்றியை ஆராய ஒரு நிபுணரை நியமித்தார்கள். அவர் சென்னையை விட்டு நகராமலே ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்: இத்தனை பயணிகள் நடந்தால் மணல் தேய்ந்துவிடும். சுற்றுலா நீடித்து நிற்க வேண்டுமானால் ஆற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகவே வைகாசியிலிருந்து ஆடி முடிய வளாகம் மூடப்படும்.

கேட்டில் பூட்டுத் தொங்கிய அன்று அக்கினி நட்சத்திரம் முடியவில்லை. அடுத்த ஊர் ஊருணியும் அடி தெரிய வற்றியிருந்தது. செம்மலை கால்சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். திருப்பிக் கொடுத்ததாகவும் இருக்கும், பேசினதாகவும் இருக்கும் என்று நினைத்தார். காரைக்குடி அலுவலகத்தில் மதியம் வரை உட்காரவைத்து, பிறகு உள்ளே விட்டார்கள்.

"அய்யா, குடிக்கத் தண்ணி இல்லய்யா. கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

"பயணிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றார் மாயக்கண்ணன். "எல்லாம் உங்கள் வருங்காலத்துக்காகத்தான்."

"நாங்க பயணி இல்லய்யா. அந்த ஊர்க்காரவுக. அது எங்க ஆறு."

மாயக்கண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். அப்போதும் மேடைத் தமிழ்தான். "அப்படியானால் இதுவரை வந்த பயணிகள் யார்? பயணிகளே வரவில்லை என்கிறாயா? பொய்க் கணக்குக் காட்டி அரசாங்கத்தை ஏமாற்றியது புளியங்கரை என்றாகிவிடுமே. உன் மைத்துனன் முதலில் உள்ளே போவான். நீ சொன்னது என் காதில் விழவில்லை. பயணியாகவே திரும்பிப் போ."

செம்மலை கால்சட்டையை மேசைமேல் வைத்தார். வெளியே வந்து தெருக்குழாயில் முகத்தைக் கழுவினார். வயிறு நிறையக் குடித்தார். குடிக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்.

வீட்டு வாசலில் நின்றபடியே, "ஏ புள்ள, கடப்பாரையை எடு" என்றார்.

அம்மாக்கண்ணு எதற்கென்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. செம்மலை முதல் மரக்காலை நெம்பினார். அது சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. கம்பி தொங்கிப்போய் மணலில் விழுந்தது. கருத்தையா ஓடிவந்து மூச்சு வாங்க நின்றான்.

"மச்சான், என்ன செய்றீக? நான் விசில் ஊதணுமே."

"ஊது மாப்ள. ஒன் வேலைய நீ பாரு."

கருத்தையா விசிலைச் சட்டையில் துடைத்தான். பிறகு இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினான். சத்தம் கேட்டதும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே வந்த ஆண்கள் மிச்ச மரக்கால்களைப் பிடுங்கினார்கள். வெள்ளரிக்குப் பருவம் போய்விட்டது. இனி விதை ஊன்றிப் பயனில்லை. தண்ணீராவது கிடைக்கட்டும் என்று தோண்டினார்கள். சித்திரையைவிட ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் ஜீப் வந்து கரையிலேயே நின்றுவிட்டது. மாயக்கண்ணன் நடந்து மணலுக்குள் இறங்கினார். விழுந்து கிடந்த வேலியைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. மிகவும் வருத்தப்பட்டார்.

"வேலியை எடுக்க ஒரு முறை இருக்கிறது, செம்மலை. முதலில் வேலி தேவையில்லை என்று ஒரு குழு சொல்ல வேண்டும். அதற்கு அந்த இடத்தில் வேலி இருக்க வேண்டும். இப்போது நீ இதைத் திரும்ப நட்டுவிடு. முறைப்படி எடுக்க நானே எழுதுகிறேன்."

செம்மலை குழிக்குள் இருந்தார். நிமிரவில்லை. ஈர மணலை அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

"செம்மலை, உன்னிடம்தான் பேசுகிறேன்."

செம்மலை அடுத்த கை மணலை அள்ளிப் போட்டார். மாயக்கண்ணன் சுற்றிலும் பார்த்தார். பெண்கள், ஆண்கள், கருத்தையா உட்பட ஊரே இருந்தது. இவ்வளவு பெரிய கூட்டத்தை அவர் அந்த ஊரில் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மணல்மேட்டில் ஏறி நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே!"

அம்மாக்கண்ணு சிரட்டையோடு நிமிர்ந்தாள்.

"அய்யா, செத்த அங்குட்டுத் தள்ளி நில்லுங்க. ஊத்துக்குள்ள மண்ணு சரியுது."